அரியலூருக்கு வந்த கடற்கரை

யோசனை வந்தது கல்லூரி கேண்டீனில், கையில் பாதி வடையோடு.

வடையின் கீழே கிடந்த ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. மேற்கே ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: நம் நாட்டு ஆட்கள் சிலர் சம்பளத்துக்கு இலங்கை போய் ஹெலிகாப்டரில் பறக்கிறார்களாமே, கரையோரத்து ஜனங்களைச் சுட்டதில் அவர்களுக்கும் கை உண்டாமே, இது நிஜமா? அதற்கு வந்த பதில், 'நான் பார்த்தேன்' என்று சொல்ல இதுவரை ஒருவரும் முன்வரவில்லை என்பது. அங்குள்ள வக்கீல்கள் சிலர் சேர்ந்து அப்படி ஒரு சாட்சியைத் தேடுகிறார்களாம். கீழே அவர்கள் முகவரியும் இருந்தது.

வடை வாய்க்குப் போகாமல் நின்றுவிட்டது. பார்த்தவர் இல்லையா? பார்த்தவர் குன்னம் பக்கத்தில் எங்கள் மாமா வயலில் வெங்காயம் அறுத்துக்கொண்டிருக்கிறாரே!

பொங்கல் லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். சின்ன வெங்காயம் பிடுங்கிச் சேமித்து வைக்கப் பட்டறை போடுகிற நேரம். தாள் அறுக்க ஆள் போதாமல் பெரம்பலூர் அகதி முகாமிலிருந்து பத்துப் பெண்களை மாமா கூட்டி வந்திருந்தார். அவர்களில் ஒருவர் பிலோமினா அக்கா. முல்லைத்தீவுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அரிவாளை நிறுத்தாமலே சொன்னார்: "என்ர கையாலை இளநி வெட்டிக் குடுத்தனான் தங்கச்சி. குடிச்சிட்டுப் போனவன்தான் அடுத்த கிழமை வந்து சுட்டவன்."

செய்தியைப் படித்த அன்றைக்கே அந்த வக்கீல்களுக்கு எழுதிப் போட்டேன். பதிலும் வந்தது. வழக்கு இன்னும் நடப்பதால் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், எழுதவில்லை. அக்கா சொன்ன அடையாளத்தில் இருக்கிற ஒருவன் மேல்தான் வழக்கு; அவன் ஊர் திரும்பி வசதியாக இருக்கிறான். தான் பயிற்சி கொடுக்க மட்டுமே போனதாகவும், பயிற்சி முகாமை விட்டு எந்தக் கிராமத்துப் பக்கமும் போகவே இல்லை என்றும் சொல்கிறான். அடுத்த மாதம் முதல் விசாரணை. அதற்குள் கண்ணால் கண்ட ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம், அவர் பாஷையிலேயே, நோட்டரி முன்னால் சத்தியம் செய்தது, வந்து சேர வேண்டும். எங்கே நின்றார், அங்கிருந்து எது தெரிந்தது என்பது அதில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வழக்குக் கட்டை மூடிக் கட்டிவிடுவார்கள்.

எனக்கு அப்போது சட்டப் படிப்பில் கடைசி வருஷம். 1986, மாசி மாதம். ஒரு வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை ஆறரை, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு. பெரம்பலூருக்கு அறுபது கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய் இருபது காசு. கொள்ளிடம் பாலத்தில் பனி. சமயபுரம் தாண்டியதும் வயல் குறைந்து கரட்டு நிலம் வருகிறது. பாடாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். கண்டக்டர் என் தோள்பையைப் பார்த்தார். அதில் காகிதம் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, பரீட்சையா?"

"இல்லைங்க, கேஸு."

"உங்க கேஸா?"

"வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் மேல."

"வெளிநாட்டுக்காரன் மேல கேஸு போட பெரம்பலூருக்கா போறீங்க?" என்று டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியில் சொல்லிக் கேட்டால் அப்படித்தான் இருந்தது.

எட்டரை, பெரம்பலூர். முகாம் ஊருக்கு வெளியே பெரிய ரோட்டை ஒட்டிய பழைய பஞ்சுக் குடோன். உள்ளே புடவைகளையும் சாக்கையும் கட்டித் தடுத்துத் தடுத்து வீடுகள். பிலோமினா அக்கா துவைத்த புடவையில் தயாராக நின்றார். பக்கத்துத் தடுப்புக்காரப் பெண் விடவில்லை.

"உனக்கேன் பிலோமினா இந்த வேலை? கொம்மா இன்னும் அங்கைதானே இருக்கிறா? பேர் வெளியிலை வந்தா அவவைச் சும்மா விடுவாங்களே?"

"அம்மாதான் சொல்லச் சொல்லிக் கடிதம் போட்டவ," என்றார் அக்கா. "செத்தது அவவின்ர மருமகன்."

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விடிந்த நேரம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலைக்கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, வரிசையாகப் பின்னால் சாய்ந்து இழுப்பார்கள். வலை கனத்து வரும்போது சட்டென்று விட்டுவிட்டு ஓட முடியாது. கடல் பக்கமிருந்து ஹெலிகாப்டர் வந்தது. அதன் கதவு திறந்திருந்தது. அக்காவின் கணவர் சவரிமுத்து கயிற்றில் மூன்றாவது ஆள். வரிசையில் ஒருவரும் மிஞ்சவில்லை. அக்கா கரைமேட்டில் தன் தேநீர்க் கடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கதவில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவன், முந்தின வாரம் அதே ஹெலிகாப்டரில் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கி, அவர் கடையில் இளநீர் குடித்தவன். மூக்குத் தோல் உரிந்த சிவந்த முகம். இடது கையில் பறவை ஒன்று பச்சை குத்தியிருந்தது.

முகாமை விட்டு வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பெயர் கூப்பிடும்போது ஆள் உள்ளே இருக்க வேண்டும். இரண்டாவது சிக்கல், பெரம்பலூர் நோட்டரி மகள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அரியலூரில் ஒருவர் இருக்கிறார். அவரும் மூன்று மணி ரயிலில் மெட்ராஸ் போகிறார், வர ஒரு வாரம் ஆகும். எனவே நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அனுமதிச் சீட்டுக்கு நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டரைப் பிடிப்பது. நான் எழுதி வைத்திருந்த குறிப்போடு அக்கா ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே பத்திரம் எழுதுகிற கலியமூர்த்தியிடம் போய், முத்திரைத் தாளில் வாக்குமூலத்தை அழகாக எழுதி வாங்குவது.

ஆர்.ஐ. வரப் பத்தரை ஆகிவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் இரண்டு தடவை படிப்பவர். "காரணம்னு போட்டிருக்கிற எடத்துல, 'சாட்சி சொல்ல'ன்னு எழுதியிருக்கே. எந்தக் கோர்ட்டு?" என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இந்தக் கோர்ட்டு பேரு கேட்டதில்லையே," என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

பதினொன்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே. கலியமூர்த்தி வெற்றிலை வாயும் உரத்த குரலுமாக வேப்பமரத்தடி மேஜையில் இருந்தார். மேஜையைச் சுற்றிக் கூட்டம். எழுதிய தாளைப் பெருமையாக என்னிடம் நீட்டினார்.

படித்தேன். முதல் பக்கம் நான் சொன்னபடி இருந்தது. இரண்டாம் பக்கத்தில் கனத்த எழுத்தில் 'சொத்து விவரம்' என்று தலைப்பு! அதன் கீழே:

'கடலுக்கு மேற்கு, பள்ளிக்கூட மைதானத்துக்குக் கிழக்கு, அந்தோனியார் கோயிலுக்குத் தெற்கு, சம்மாட்டியார் மீன்வாடிக்கு வடக்கு, இந்நான்கெல்லைக்கு மத்தியில் உள்ள தேநீர்க் கடையில் நான் நின்றிருந்தபோது…'

"என்னங்க இது? கிரயப் பத்திரமா எழுதிட்டீங்களே!"

"எடம்னு வந்துட்டா எல்லை எழுதாம எப்படிம்மா? இருபது வருஷமா எழுதுறேன். எல்லை இல்லாத எடத்தை என் பேனா எழுதாது. நான் கேட்டேன், அவங்க சொன்னாங்க."

கூட்டத்தில் ஒருவர், "கிழக்க கடலுங்கிறியே கலியமூர்த்தி, கடலுக்கு சர்வே நம்பர் என்னாய்யா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ வாங்கப் போறியா? வாங்கறதுன்னா சொல்லு, நம்பர் போட்டுத் தரேன்," என்றார் கலியமூர்த்தி. சிரிப்பு இன்னும் பெரிதானது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருப்பி எழுத நேரமில்லை. குன்னம் வழி அரியலூர் பஸ் கிளம்பி நின்றது. 'சொத்து விவரம்' என்கிற தலைப்பை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி ஏறினேன்.

பதினொன்றே கால், பஸ்ஸில். அரியலூர் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்கிற பஸ். டிக்கெட் இரண்டு ரூபாய் அறுபது காசு. முன்னால் வெங்காய மூட்டைகள், பின்னால் பருத்தி மூட்டைகள், நடுவில் நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஜன்னலுக்கு வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. பருத்தி எடுத்து முடிந்து காய்ந்த செடிமார்கள், அப்புறம் மறுபடி பருத்தி.

நான் முனகிக்கொண்டே வந்தேன். "அக்கா, அந்த வக்கீலுங்க படிச்சா என்ன நெனைப்பாங்க? மனை விக்கிறோம்னு நெனைப்பாங்க."

"இதிலை பிழை ஒண்டும் இல்லையே தங்கச்சி. கிழக்கை கடல்தான். அந்தாள் கேட்டுக் கேட்டு எழுதேக்கை எனக்கு எல்லாம் அப்பிடியே கண்ணுக்கு முன்னாலை வந்தது."

பக்கத்து சீட்டில் பருத்தி மூட்டைக்காரர் ஒருவர் எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வேப்பந்தட்டைக்காரராம். எதையும் நம்பாத முகம். "என்னாம்மா வெவகாரம்?" என்றார். அக்கா இரண்டே வாக்கியத்தில் சொன்னார்.

வேப்பந்தட்டைக்காரர் தலையை ஆட்டினார். "தப்பா நெனைக்காதீங்க. மேல பறக்குறதுல உக்காந்திருக்கவன் மூஞ்சி கீழ நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? கோர்ட்ல மொத கேள்வி இதைத்தான் கேப்பான்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டது சரியான கேள்வி. மூன்று வருஷம் சட்டம் படித்தவள் நானே கேட்டிருக்க வேண்டியது.

அக்கா அசரவில்லை. "இந்த பஸ்ஸை எங்கட கரையெண்டு வையுங்கோ," என்றார். "வலப்பக்க ஜன்னல் முழுக்கக் கடல். இடப்பக்கம் பள்ளிக்கூட மைதானம். டிரைவர் இருக்கிறது அந்தோனியார் கோயில். பின்னாலை உங்கட பருத்தி மூட்டை, வலைக்காரச் சம்மாட்டியார் மீன் வைக்கிற வாடி. நடுவிலை நிக்கிறன், இதுதான் என்ர கடை."

"ஏன் தாயி, என்னைக் கோயிலாக்கிட்டியா?" என்று டிரைவர் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"அண்ணே, இன்னைக்காவது புண்ணியமா ஒரு எடத்துல இருங்க," என்றாள் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண்.

"ஹெலி கடலுக்கை இருந்து வந்து, இப்பிடித் திரும்பினது." அக்கா கையை வலப்பக்க ஜன்னலிலிருந்து வளைத்து முன்பக்கம் கொண்டுபோனார். "திரும்பி, எனக்கும் கோயிலுக்கும் நடுவாலை போச்சு. கோயில் கோபுரத்துச் சிலுவையை அது மறைச்சது. அப்பதான் கதவிலை இருந்தவனைக் கண்டனான்."

"அப்ப கோயிலை விடக் கிட்ட," என்றாள் வெங்காயக்காரப் பெண்.

"சரி, கிட்டத்தான்," என்றார் வேப்பந்தட்டைக்காரர். "கோயிலே ஒரு மைல்ல இருந்துச்சுன்னா?"

அக்கா முதல் முறையாகச் சிரித்தார். "கோயிலிலை மணியடிக்கிற சூசை அண்ணை விடியக்காலமை படியிலை நிண்டு எனக்கு விரல் காட்டுவார். ஒரு விரல் எண்டால் வெறுந்தேத்தண்ணி. ரெண்டு விரல் எண்டால் பால் விட்டது. நான் கடையிலை நிண்டே பாத்துப் போட்டு வைப்பன். ஒரு நாளும் பிழை விட்டதில்லை. கேட்டது பால், குடுத்தது வெறுந்தேத்தண்ணி எண்டு அவர் ஒருக்காச் சொல்லட்டும் பாப்பம்!"

அப்புறம் குரல் இறங்கியது. "சொல்ல ஆள் இல்லை. அண்டைக்குச் சனத்தை ஓடச் சொல்லி மணியடிக்கப் போனவர். மணிக் கயித்திலை கை வைக்க முதலே விழுந்திட்டார்."

பிறகு வெங்காயக்காரப் பெண் வேப்பந்தட்டைக்காரரைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, கோயில்ல நிக்கிறவரு வெரலு தெரியுதுன்னா, அதுக்கும் கிட்டத்துல வந்தவன் மூஞ்சி தெரியாதா?"

அவர் மூட்டையில் ஒரு தட்டுத் தட்டினார். "தெரியும். நல்லாவே தெரியும். எழுதும்மா இதை! என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

எழுதினேன்! குலுங்குகிற பஸ்ஸில், இரண்டாம் பக்கத்தில் நான்கு எல்லைக்கும் கீழே மிச்சமிருந்த இடத்தில் விரல் கதையையும் சிலுவை மறைந்ததையும் எழுதினேன். அவன் எங்கே, இவர் எங்கே, நடுவில் எது, எதை விட எது கிட்டம் என்று எல்லாம் அந்த நான்கு எல்லைக்குள் ஆணி அடித்தாற்போல் நின்றது. கலியமூர்த்தி கை பழக்கத்தில் எழுதியதை நான் கிழித்துப் போட இருந்தேனே! கண்டக்டர் என் பேனா கோணாமல் இருக்க, பஸ்ஸை நிறுத்தும்போதெல்லாம் "மெதுவாண்ணே, மெதுவா" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பகல் ஒன்றரை, அரியலூர். வழியில் டயர் ஒன்று இறங்கிவிட்டது, அதனால் தாமதம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நோட்டரி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். வாசலில் பெட்டி கட்டி வைத்திருந்தது. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கல் வைத்திருந்தார், சுருள் சுருளாகப் பெரிய நத்தை மாதிரி. அக்கா அதையே பார்த்தார்.

"இது கடல் சங்கெல்லோ? இஞ்ச எப்பிடி?"

"கிணறு வெட்டும்போது கெடைச்சதும்மா. இந்த ஊரே ஒரு காலத்துல கடலா இருந்துச்சாம். அரியலூர் சுத்துப்பட்டுல எங்க தோண்டினாலும் இப்படி வரும்." சொல்லிக்கொண்டே தாளைப் படித்தார். புருவம் ஏறியது. "என்னம்மா இது, நான்கெல்லை, செக்குபந்தி எல்லாம் போட்டிருக்கு?"

"அது இருக்கட்டும் சார். வேணும்," என்றேன். காலையில் நான் கலியமூர்த்தியிடம் கத்தியதை அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

முழுவதும் படித்தார். கையால் சேர்த்த வரிகளுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னார். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நான் போட்டுத் தரேம்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். அவன் எங்கேயோ இருக்கான். பெரிய நாடு. நீங்க பெரம்பலூர்க் குடோன்ல இருக்கீங்க. இந்தத் தாளு அங்க போயி என்ன செஞ்சுடும்னு நெனைக்கிறீங்க?"

"அவன் எங்கட ஊருக்கு வந்தவன்தானே ஐயா," என்றார் அக்கா. "என்ர சொல்லு அவன்ர ஊருக்கு ஒருக்காப் போகட்டும்."

நோட்டரி எழுந்து நின்றார். வழக்கமாக உட்கார்ந்தே சத்தியம் வாங்குகிறவர் என்று அவருடைய குமாஸ்தா பிறகு சொன்னார். அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். முத்திரை விழுந்தது. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

மூன்று மணி, தபாலாபீஸ். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்க்க நினைத்திருந்தேன். வேண்டாம் என்று தமிழ் மூலத்தை அங்கேயே அனுப்பிவிட்டு, ஆங்கிலத்தைத் திருச்சியிலிருந்து அனுப்பத் தீர்மானித்தேன். மூலம் இன்னும் ஒரு நாள் என் பையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ரிஜிஸ்டர் ஏர்மெயில் கவுண்டரில் இருந்தவர் முகவரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அரியலூர்லேருந்து இந்த ஊருக்கு நான் பார்க்க இதுதாம்மா மொத கவரு," என்றார். தபால்தலைகள் முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் ஒட்டினோம். அக்கா ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்தி, காய்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில், எங்களை அரியலூருக்குக் கொண்டுவந்த அதே கண்டக்டர். எங்கள் முகத்தைப் பார்த்ததும், "போட்டாச்சா?" என்றார். "போட்டாச்சு," என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். டிரைவர் ஒரு தடவை ஹாரனை நீளமாக அடித்தார். ரோட்டில் ஆடுகூட இல்லை. முகாம் வாசலில் இறங்கியபோது உள்ளே பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். 'பிலோமினா' என்று கூப்பிடவும், "இருக்கிறன்!" என்று அக்கா வாசலிலிருந்தே கத்தினார்.

சித்திரை பிறந்து சில நாளில் எனக்குப் பதில் வந்தது. தடித்த உறை. படித்த கையோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். இந்தத் தடவை வெயில் காய்கிறது. பாடாலூர்ப் பாறைகள் தோசைக்கல் மாதிரி. பஸ்ஸில் அந்தக் கடிதத்தை எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

விசாரணையில் அந்த ஆள் மறுபடியும் அதையே சொன்னான்: முகாமை விட்டு நகரவில்லை, லீவு நாட்களில் வேறு ஒரு நாட்டுக் கடற்கரைக்கு உல்லாசமாகப் போனேன், அவ்வளவுதான். அதற்கு அத்தாட்சியாக அவனே ஒரு போட்டோவைக் கொடுத்தான். கடற்கரையில் அவன், கையில் இளநீர். உல்லாசப் பயணி! எங்கள் வக்கீல்கள் பிலோமினா அக்காவின் வாக்குமூலத்தை அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். போட்டோவில் ஒரு பக்கம் கடல். எதிர்ப்பக்கம் மைதானத்துக் கம்பம். பின்னால் கோபுரத்தில் சிலுவையோடு ஒரு கோயில். நான்கெல்லையில் மூன்று அதில் விழுந்திருந்தன. நான்காவது எல்லை போட்டோ எடுத்தவன் முதுகுக்குப் பின்னால்.

நீதிபதி பூதக்கண்ணாடி கேட்டாராம்.

குடோனில் தடுப்புக்கு வெளியே வெளிச்சம் இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். கடிதத்தோடு வந்த போட்டோ நகலை அக்காவிடம் கொடுத்தேன். அவனை அவர் ஒரு நொடிதான் பார்த்தார். "இவன்தான்," என்றார், வெங்காயத்தில் அழுகலைத் தள்ளுகிற மாதிரி. பிறகு விரலால் பின்பக்கத்தைத் தேடினார். கோயில் படியில் ஒரு மனிதர் நிற்கிறார். சின்ன உருவம்தான். ஒரு கை மேலே தூக்கியிருக்கிறது. அதில் இரண்டு விரல்கள்.

அக்கா அந்த விரல்கள்மேல் தன் விரலை வைத்தார். பக்கத்துத் தடுப்புக்காரப் பெண்ணும் வந்து எட்டிப் பார்த்தாள். முன்பு 'உனக்கேன் இந்த வேலை' என்று கேட்டவள் அவள்தான்.

"சூசை அண்ணை," என்றார் அக்கா. "பால்தேத்தண்ணி கேக்கிறார்."

அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். குடோன் முழுக்க அந்தப் போட்டோ கைமாறிக் கைமாறிப் போனது. ஆளாளுக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள்.

நீதிபதி போட்ட உத்தரவு இது: அந்த ஆள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது; பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்; வழக்கு நடக்கும். சாட்சி இல்லை என்ற பேச்சு அந்த நாட்டில் இனி எடுபடாது.

ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே கலியமூர்த்தியிடமும் போய்ச் சொன்னோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, "எவன்யா கடலுக்கு சர்வே நம்பர் கேட்டவன்? வரச் சொல்லு அவனை!" என்றார். எங்களுக்கு டீ வாங்கித் தந்தார். அக்கா டீக்கடைக்காரரைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். அவருக்குப் புரியவில்லை, இரண்டு டீ கொண்டுவந்தார். அக்கா இரண்டையும் குடித்தார்.

சொந்த ஊருக்கும் வந்த ஊருக்கும் என்ன வித்தியாசம் என்று பயணம் எழுதுகிறவர்கள் முடிவில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் பிறந்து வளர்ந்த திருச்சியில் கோர்ட்டு என்றால் பெரிய கட்டிடம், கறுப்பு அங்கி, வராந்தாவில் புறாக்கள். இந்த வழக்குக்கோ வேப்பமரத்தடி மேஜை ஒன்று, குலுங்குகிற பஸ் ஒன்று, கல்நத்தை வைத்த மேஜை ஒன்று. குறுக்கு விசாரணை செய்தவர் பருத்தி மூட்டைக்காரர். நன்றாகவே செய்தார்.

கடிதத்தின் கடைசி வரியை இன்னும் சொல்லவில்லை. தாள் வந்துவிட்டது, ஆனால் நேரில் வந்து சொன்னால் இன்னும் கனம் கூடும். சாட்சி வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அகதிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அதை அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"எவ்வளவு தூரம்?" என்றார்.

"ரொம்ப தூரம் அக்கா. ஏரோப்ளேன்ல ஒரு நாள் ஆகும்."

"அவன் வந்த தூரம்தானே. போறன்."

திங்கட்கிழமை காலை திருச்சி பாஸ்போர்ட் ஆபீஸுக்கு இருவரும் போகிறோம். முடியாது என்பார்கள். ஏன் முடியாது என்று எழுதித் தாருங்கள் என்று கேட்கப் போகிறேன். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஆபீஸ், அதற்கும் அடுத்தது. விண்ணப்பத்தைக் கலியமூர்த்தியே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது என் முன்னால் மேஜையில் இருக்கிறது. நான் ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை. 'மனுதாரர் தற்சமயம் வசிக்கும் இடமாவது: பெரிய ரோட்டுக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, சோளக்காட்டுக்குத் தெற்கு, பனைமர வரிசைக்கு வடக்கு. இந்நான்கெல்லைக்கு மத்தியில் நின்றுகொண்டு மனுதாரர் கேட்டுக்கொள்வது யாதெனில்…'